யாரும் அள்ளத் தேவையில்லாத பனி

கண்காட்சி விமர்சனங்களை இப்போது கணினியே எழுதித் தருகிறதாம். நான் வேலை செய்து ஓய்வுபெற்ற கலை இதழின் இன்றைய ஆசிரியர் போன மாதம் தொலைபேசியில் சொன்னாள், மாதிரிக்கு ஒன்றை அனுப்பியும் வைத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தேன். படைப்பு பெரியதா சின்னதா, சுவரில் தொங்கியதா நிலத்தில் கிடந்ததா, ஒன்றும் பிடிபடவில்லை. அப்படியே எங்கள் முன்னாள் ஆசிரியர் மடம் ஜினெத் எழுதியது போல இருந்தது. மடம் இன்னும் நல்ல சுகத்தோடு இருக்கிறார், ஆகையால் ஆவி வந்து எழுதியது என்றும் சொல்லமுடியாது. அந்த யந்திரம் எங்கள் இதழ்க் கந்தோரில்தான் தொழில் பழகியிருக்கவேண்டும்.

அந்தக் காலத்தில் இளம் ஆட்களுக்கு ஓவியம், சிற்பம் பற்றி எழுத எப்படிப் பழக்கினோம் என்று ஒரு கட்டுரை வேண்டுமாம். நான்தான் எழுதவேண்டுமாம். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஓய்வுபெற்றவர்களிடம் யாராவது எதையாவது கேட்டால் அவர்கள் மறுப்பதில்லை.

நான் கலை படித்தவள் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்துவிட்டு, அகதியாக மொன்றியலுக்கு வந்து, டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டுகளில் பணிசும் பட்டரும் வைத்தவள். பின்னேரங்களில் பிரெஞ்சு வகுப்புக்குப் போனேன். பிறகு, பழைய தையல் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றின் நாலாம் மாடியில் இருந்த இந்த இருமொழி இதழில், உறைகளில் விலாசம் ஒட்டும் பகுதிநேர வேலை கிடைத்தது. ஒட்டுகிற நேரத்தில் இதழை வாசித்து எழுத்துப் பிழைகளைச் சொன்னேன். பிழை திருத்துநர் ஆனேன். இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டி, இளம் எழுத்தாளர்களைப் பழக்குவதற்கென்று அரசாங்க மானியம் வந்தபோது, மடம் தன் கந்தோரைச் சுற்றிப் பார்த்தார். மற்ற எல்லாருக்கும் கண்காட்சித் திறப்பு விழாக்களில் வைன் குடிக்கும் முக்கிய வேலை இருந்தது. நான் குடிப்பதில்லை. என்னை அந்தத் திட்டத்தின் இணைப்பாளர் ஆக்கிவிட்டார்.

மடம் ஜினெத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகமுடியாது. அவர் அப்போது இதழின் ஆசிரியர். எந்தக் கட்டுரையையும் நின்றுகொண்டுதான் வாசிப்பார். ஜன்னலடியில் போய், ஹீற்றருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காதில் பச்சைப் பேனாவைச் செருகிக்கொண்டு வாசிப்பார். சிவப்புப் பேனா இளம் மனங்களைப் புண்படுத்துமாம், அதனால் பச்சை. பச்சையிலும் மனங்கள் நன்றாகவே புண்பட்டன. வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி, "அந்தெரெஸான்" என்பார். சுவாரசியம் என்று அர்த்தம். அர்த்தம் அவ்வளவுதான் என்று நம்பியவர்கள் அதிக நாள் நின்றுபிடிக்கவில்லை. சட்டென்று சொன்னால் கட்டுரை அச்சுக்குப் போகலாம். மூச்சை உள்ளே இழுத்துச் சொன்னால் திருத்தவேண்டும். நீளமாக மூச்சை விட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னால், எழுதிய பிள்ளைக்கு நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து ஆறுதல் சொல்லவேண்டும்.

நல்லது என்றோ கூடாது என்றோ அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த இரண்டு சொல்லுக்கும் எங்கள் இதழில் தடை இருந்தது. 'அழகு' என்று எழுதினால் மடம் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். ஓவியர் வரைந்தார், சிற்பி செதுக்கினார் என்று எழுதுவதும் குற்றம். 'வெளியை விசாரணைக்கு உட்படுத்தினார்' என்று எழுதவேண்டும். எங்கள் நாட்டில் விசாரணைக்கு உட்படுத்துகிறவர்கள் சீருடையோடு வருவார்கள். ஆகையால் முதல் சில மாதங்கள் அந்தச் சொல்லைக் கண்டபோதெல்லாம் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தேன். மொன்றியலில் கதிரை, சுவர், வாளி, பழைய சப்பாத்து எல்லாமே விசாரணையில் இருந்தன.

இதற்கெல்லாம் காரணம் இல்லாமல் இல்லை. இன்றைக்கு எங்கள் இதழில் விமர்சிக்கப்படுகிற ஓவியர் நாளைக்கு எங்களுக்குக் காசு ஒதுக்குகிற மானியக் குழுவில் இருப்பார். எல்லாருக்கும் எல்லாரும் வேண்டும். எனக்கு இது புதிதும் அல்ல. எங்கள் ஆட்களின் புத்தக வெளியீட்டு விழாக்களில் ஆய்வுரை கேட்டு வளர்ந்தவள் நான். ஆய்வுரை செய்கிறவர் நூலாசிரியரின் ஊர், படித்த பள்ளிக்கூடம், தகப்பனார் பார்த்த உத்தியோகம் எல்லாம் சொல்லி, அட்டைப்படத்தைப் புகழ்ந்து, கடைசியில் 'அச்சுப் பிழைகளைத் தவிர்த்திருக்கலாம்' என்று ஒரு குறையும் வைத்து இறங்குவார். புத்தகத்தைத் திறந்து பார்த்தாரா என்பது அவருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மடம் ஜினெத் தமிழச்சியாகப் பிறந்திருந்தால் அவருக்குச் சனி ஞாயிறுகளில் ஓய்வே கிடைத்திருக்காது.

என்னிடம் ஒரேயொரு வித்தை இருந்தது. வருகிற பிள்ளைகளை முதல் நாள் எழுதவிடமாட்டேன். ஒரு கண்காட்சிக்குக் கூட்டிப்போய், ஒரு படைப்புக்கு முன்னால் கால் உளையும்வரை நிற்கவைத்து, திரும்பிக் கந்தோருக்குக் கொண்டுவந்து, தொலைபேசியைக் கையில் கொடுப்பேன். வீட்டுக்கு எடுத்து, பார்த்ததைச் சொல்லவேண்டும். கேட்கிறவர் அதைப் பார்த்திருக்கக் கூடாது, பார்க்கப் போகிறவராகவும் இருக்கக் கூடாது. ஒரு பெடியன் தாயிடம் 'வெளியின் பதற்றம்' என்று தொடங்கினான். "சாப்பிட்டாயா?" என்று கேட்டாராம் தாய். அவன் மூன்றாம் தரம் எடுத்தபோதுதான் 'சிவப்பு வாளி ஒன்று கவிழ்ந்து கிடந்தது' என்று சொன்னான். மடம் இதற்கு 'வாய்மொழிப் பட்டறை' என்று பெயர் வைத்து மானிய அறிக்கையில் எழுதிக்கொண்டார்.

இப்படி வந்த பிள்ளைகளில் ஒருத்திதான் ஜெனிற்றா. இரண்டாயிரத்து நாலாகவோ ஐந்தாகவோ இருக்கவேண்டும். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், எங்கள் கோயில் பங்குதான். தாய் றீற்றா டோர்வலில் என்னோடு பட்டர் வைத்தவர், அப்போதும் அங்கேதான் வேலை. தகப்பன் புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கி இடுப்புப் பிடித்தவர். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு வாங்கியிருந்தார்கள். பனி கொட்டினால் வாசலைத் துப்புரவாக்குவது தாயும் மகளும்தான். அவர்கள் அள்ளி முடிக்கிற நேரம் பார்த்து நகரசபை வண்டி வந்து, தெருப் பனி முழுவதையும் வாசலில் தள்ளிவிட்டுப் போகும்.

ஜெனிற்றா கணக்கியல் படித்துக்கொண்டிருந்தாள். கலை வரலாற்றுக்கு மாறவேண்டும் என்பது அவளுடைய ஆசை. வீட்டில் பெரிய சண்டை. கடைசியில் றீற்றா என்னிடம் வந்து ஒரு நிபந்தனை போட்டார்.

"அக்கா, உவள் எழுதுறது உங்கட பேப்பரில பேரோட வரட்டும். வந்தா நான் ஒண்டும் சொல்லமாட்டன், விரும்பினதைப் படிக்கட்டும். வராட்டி வாயைப் பொத்திக்கொண்டு கணக்குப் படிக்கோணும்."

"சரி றீற்றா, பாப்பம்" என்றேன். ஜெனிற்றாவும் தலையாட்டினாள்.

அந்த மாசியில் நகரத்தின் பெரிய கலைஞர் ஒருவர் தன் புதிய படைப்பைக் காட்சிக்கு வைத்தார். ஒரு பெரிய மண்டபத்துக்குள் கண்ணாடி அறை, உறைகுளிர்ப் பெட்டி போல. அதற்குள் ஒரு குவியல் பனி. அவ்வளவுதான். வெளியே தெருவில் முழங்கால் அளவு பனி. அதற்குள்ளால் நடந்து வந்து, கோட்டையும் கையுறையையும் வாசலில் கழற்றிக் கொடுத்துவிட்டு, சனம் வரிசையில் நின்று பனி பார்த்தது. நான் ஜெனிற்றாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த மண்டபக் குளிரில் எனக்குப் பல் கிட்டியது. அவளோ அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்ததும் தொலைபேசியைக் கையில் கொடுத்தேன்.

"அம்மா, ஒரு கண்ணாடி அறை. அதுக்குள்ள ஸ்நோ."

றீற்றாவின் குரல் எனக்கும் தெளிவாகக் கேட்டது. யந்திரச் சத்தத்துக்கு மேலால் கதைத்துப் பழகிய குரல் அது.

"என்ன ஸ்நோ?"

"சும்மா ஸ்நோதான். குவிச்சு வச்சிருக்கினம்."

"அது இஞ்ச வாசல்லயும்தான் கிடக்கு. அதைப் பாக்கவே பஸ் எடுத்துப் போனனீ?"

"இது வேற மாதிரி அம்மா. நல்ல வெள்ளை. ஒரு கால் அடையாளம்கூட இல்லை. வடிவா இருக்கு."

"உப்புப் போடேல்லையோ?"

"இல்லை."

"அப்ப அதை ஆர் அள்ளுறது?"

ஜெனிற்றா தொலைபேசி வயரை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஒருத்தரும் அள்ளத் தேவையில்லை அம்மா."

"குடுத்து வச்ச ஸ்நோ" என்றார் றீற்றா. "சரி, வரேக்க டெப்பனர்க் கடையில பால் வாங்கிக்கொண்டு வா."

அந்தக் கிழமையே கட்டுரையைக் கொண்டுவந்தாள். ஆங்கிலத்தில், ஒரு பக்கம். கோட்டைக் கழற்றியது, பல் கிட்டியது, தாய் கேட்ட கேள்வி எல்லாம் இருந்தன. அந்தக் குவியல் ஏன் இவ்வளவு அழகாக இருக்கிறது என்று யோசித்ததாக எழுதி, இப்படி முடித்திருந்தாள்: 'இந்த நகரத்தில் யாரும் அள்ளத் தேவையில்லாத ஒரே பனி இதுதான்.' பாராட்டா, குத்தலா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அந்தக் கலைஞரைப் பற்றி எத்தனையோ பேர் எழுதினார்கள். அவர் செய்ததை உண்மையாகப் பார்த்தது இவள் ஒருத்திதான் என்று எனக்குப் பட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது.

மடம் ஹீற்றரடியில் நின்று வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மூச்சை உள்ளே இழுத்தார். "அந்தெரெஸான்."

திருத்தவேண்டும். பச்சைப் பேனா இறங்கியது. தாய் போனார், அது தனிப்பட்ட விஷயம். கோட் போனது, அது நிர்வாக விஷயம். அழகு போனது, அது எப்போதும் போகும். கடைசி வசனத்தைச் சுற்றி மடம் ஒரு வட்டம் போட்டு, நிறைய நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கலைஞர் அந்த வருடம் மானியக் குழுவில் இருந்தார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. வட்டத்துக்குள் குறுக்கே ஒரு கோடு கீறிவிட்டு, மேலே எழுதினார்: 'இப்படைப்பு, உழைப்புக்கும் பருவநிலைக்கும் இடையிலான தூரத்தை, வெளியின் நிச்சயமின்மைக்குள் வைத்து வினவுவதன் சாத்தியங்களைத் திறந்துவிடுகிறது.'

ஜெனிற்றா அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அன்ரி, இது ஆர் எழுதினது?"

"பேர் வரட்டும் பிள்ளை" என்றேன். "அம்மாவின்ர கண்டிஷன் அதுதானே? முதல்ல வெளியில வா, பேந்து விரும்பினதை எழுதலாம்."

அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். கட்டுரை வசந்த கால இதழில் வந்தது, பின்பக்கத்தில், படச்சட்டம் செய்கிற கடையின் விளம்பரத்துக்கு மேலே. வந்த அன்றைக்குக் கந்தோருக்கு வந்தாள். இதழைத் திறந்தாள், மூடினாள்.

"இதில என்ர பேர் மட்டும்தான் என்ர. நான் எழுதினது வரோணும் எண்டுதான் அம்மா சொன்னவ. அது வரேல்லை. அடுத்த தவணைக்கும் கணக்கியலுக்கே பதிஞ்சிட்டன் அன்ரி."

திகைத்துப்போனேன். இப்படி ஒரு பிள்ளையா! பெயர் வந்துவிட்டது, தாய்க்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது, யாருக்குத் தெரியப்போகிறது? எவ்வளவோ சொன்னேன், அசையவில்லை. தாயிடம் தானே ஒரு நாள் சொல்லுவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குள் றீற்றா முந்திவிட்டார். இதழைக் கண்டதும் என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "எப்ப அக்கா வெளியீடு?"

இதழ் வந்தால் ஒரு பின்னேரம் எல்லாரும் கூடி, கையில் கிளாசோடு நின்று கதைப்பார்கள் என்று விளக்கினேன்.

"நிண்டோ? இருக்கக் கதிரை இல்லையோ? ஆய்வுரை ஆர் செய்யிறது?"

"அப்பிடி ஒண்டும் இல்லை றீற்றா."

"அப்ப அது வெளியீடே இல்லை. நாங்கள் வைப்பம்."

வைத்தார்கள். தொண்ணூறு பக்க இதழில், அரைப் பக்கக் கட்டுரைக்கு, கோயில் மண்டபத்தில் வெளியீட்டு விழா. அழைப்பிதழ் அடித்தார்கள். மங்கள விளக்கேற்றல், மௌன அஞ்சலி, ஃபாதரின் ஆசியுரை, ஒரு கடை முதலாளிக்கு முதல் பிரதி, ஏற்புரை, நன்றியுரை எல்லாம் இருந்தன. ஆய்வுரைக்கு நேரே என் பெயர். பிரதம விருந்தினருக்கு நேரே மடம் ஜினெத்தின் பெயர். வரமாட்டார் என்று நினைத்தேன். 'பல்வேறு சமூகங்களோடு உறவு' என்று மானிய விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு என்பதை மறந்துவிட்டேன். மடம் படம் எடுக்க ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு, குறித்த நேரத்துக்கு வந்தார். மண்டபத்தில் அப்போது கதிரை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. சனம் சேர்ந்த பிறகு அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. கழற்றவேயில்லை.

ஜெனிற்றா கடைசி வரிசையில் இருந்தாள். ஏற்புரை செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். கூச்சம் என்று றீற்றா எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எனக்கு வேறு பிரச்சினை. கட்டுரையைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். அச்சில் வந்ததை இரண்டு நாளாக மொழிபெயர்த்துப் பார்த்தேன். சொல்லுக்குச் சொல் தமிழ் வந்தது, ஆனால் யாரும் யாருக்கும் எதையும் சொன்னதாக வரவில்லை. இருந்தாலும் ஒலிவாங்கிக்கு முன்னால் போய்த் தொடங்கினேன். "இப்படைப்பு, வெளியின் நிச்சயமின்மைக்குள்..."

முன்வரிசையில் காது கொஞ்சம் மந்தமான ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம் உரக்கக் கேட்டார். "என்ன, காலநிலை அறிக்கையோ?"

கடைசி வரிசையைப் பார்த்தேன். ஜெனிற்றா குனிந்து கொண்டிருந்தாள். இதழை மூடி மேசையில் வைத்தேன். ஊர், பள்ளிக்கூடம், தகப்பனாரின் உத்தியோகம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை தொலைபேசியில் தாய்க்குச் சொன்னதை, அவள் முதலில் எழுதிக்கொண்டு வந்ததை, எனக்குப் பாடமாக இருந்தபடியே சொல்லத் தொடங்கினேன். பனிக்குள்ளால் நடந்துபோய்க் கோட்டைக் கழற்றிவிட்டுப் பனி பார்த்ததைச் சொன்னபோது சிரித்தார்கள். 'உப்புப் போடேல்லையோ' என்றபோது இன்னும் சிரித்தார்கள். வசந்தம் பெயருக்குத்தான், அன்று விடியவும் வாசல் வழித்துவிட்டு வந்த ஆட்கள்தான் பாதிப் பேர். 'அப்ப அதை ஆர் அள்ளுறது?' என்றேன்.

"உது நான் கேட்டதெல்லோ!" றீற்றா எழும்பிவிட்டார்.

"ஓம், நீர் கேட்டதுதான். அதுக்கு உம்முடைய மகள் எழுதின பதில் இது" என்று சொல்லி, கடைசி வசனத்தைச் சொன்னேன். இந்த நகரத்தில் யாரும் அள்ளத் தேவையில்லாத ஒரே பனி இதுதான்.

மண்டபத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். மரியாதைக்குத் தட்டுகிற தட்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அது அல்ல. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

றீற்றா கையில் இருந்த இதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இதில அது எங்க கிடக்கு? காட்டுங்கோ பாப்பம்."

"அதில இல்லை அம்மா." பின்னாலிருந்து ஜெனிற்றா எழும்பி நின்றாள். "அதை வெட்டிப்போட்டினம். அதில கிடக்கிறது என்ர பேர் மட்டும்தான். நீங்கள் சொன்ன மாதிரி நடக்கேல்லை. நான் கணக்கே படிக்கிறன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அழைப்பிதழ் அடித்து, முதலாளியைக் கூப்பிட்டு, மடத்துக்குப் பொன்னாடை போர்த்திய பிறகு, சபைக்கு நடுவில் மகள் இப்படிச் சொன்னால் எந்தத் தாய்க்கும் எப்படி இருக்கும்? றீற்றா வெடிக்கப்போகிறார் என்று பயந்தேன். அவர் இதழைப் பார்த்தார், ஒலிவாங்கியைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார்.

"பேர் அங்க வந்திட்டுது. எழுத்து இஞ்ச வந்திட்டுது. எனக்குச் சரி. நீ விரும்பினதைப் படி. ஃபாதர் சாட்சி." அதே மூச்சில் சபையைப் பார்த்துச் சொன்னார், "ரோல்ஸ் ஆறப்போகுது, எல்லாரும் எழும்புங்கோ."

மடம் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். சனம் எதற்குச் சிரித்தது, எதற்குக் கைதட்டியது என்று கேட்டார். கடைசி வசனத்தைப் பிரெஞ்சில் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"சே போன், ஸா" என்றார். இது நல்லது. அத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டது அன்றைக்குத்தான். "இவ்வளவு நல்ல வசனம் ஏன் எங்கள் இதழில் வரவில்லை?"

"வந்தது மடம். நீங்கள்தான் வெட்டினீர்கள்."

மடம் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு இன்னொரு ரோல்ஸ் எடுத்தார். அந்த வருட மானிய அறிக்கையின் அட்டையில் பொன்னாடையோடு அவருடைய படம் வந்தது.

ஜெனிற்றா கலை வரலாறு படித்தாள், எழுதினாள், சண்டை பிடித்தாள். என்னிடம் கட்டுரை கேட்ட இன்றைய ஆசிரியர் அவள்தான். இதைத் தமிழில்தான் எழுதினேன், மொழிபெயர்ப்பது இதழின் பாடு. தமிழ் வாசிக்க அவளுக்கு நேரமெடுக்கும். அதனால் நேற்றுத் தொலைபேசி எடுத்து, இதை முழுக்கச் சொன்னேன். முடித்ததும் அந்தப் பக்கத்தில் நீளமாக ஒரு மூச்சு வந்தது.

"பிள்ளை, அந்தெரெஸான் எண்டு மட்டும் சொல்லிப்போடாதை."

சிரித்தாள். "இல்லை அன்ரி. விழா வரைக்கும் நல்லாயிருக்கு. அதுக்குப் பிறகு நீங்கள் பென்சன் எடுத்தது, பேரப்பிள்ளையள், முழங்கால் நோ, அதெல்லாம் கூடாது. வெட்டோணும்."

வெட்டிவிட்டேன்.